ஒன்ராறியோக் காடுகளில் முகாமிடப் பெரிய கத்தி வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வசந்தத்தில் ஏரிகளின் பனிக்கட்டி கரைந்ததும் ரொறன்ரோப் பக்கமிருந்து நம்மாட்கள் நிறையப் பேர் காரின் மேலே கனூ என்ற துடுப்புப் படகைக் கட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டுவிடுகிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: மடங்காத, பெரிய கத்தி ஒன்று வேண்டும், எதை வாங்கலாம்? பெரும்பாலானோர் விசாரிப்பது உருக்கின் பெயரையும் அலகின் நீளத்தையும்தான். நான் முதலில் கேட்பது, எந்த விறகை, எந்தப் பருவத்தில் பிளக்கப் போகிறீர்கள் என்பது. அது தெரிந்தால் நீளம், தடிப்பு, பிடி எல்லாம் தானாகவே முடிவாகிவிடும். தெரியாவிட்டால் எத்தனை டொலர் கொடுத்து வாங்கினாலும் அந்தக் கத்தி அலமாரியில்தான் கிடக்கும்.

இதை ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பார்க்கையும் அதைச் சுற்றியுள்ள காடுகளையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். சீடர், ஸ்புரூஸ், பைன், பேர்ச், மேப்பிள் மரங்கள் உள்ள, மழையும் குளிரும் உள்ள காடு. அமேசனுக்கோ ஆபிரிக்கப் புல்வெளிக்கோ போகிறவர்களுக்கு வேறு கணக்கு.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

நெடுஞ்சாலை 60 ஓரத்தில், காருக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடிப்பவர்களுக்குத் தேவையில்லை. பார்க்கிலேயே விறகு விற்கிறார்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சை வண்டு போன்றவை விறகோடு சேர்ந்து ஊர் ஊராகப் பரவுவதால், வீட்டிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு போகாமல் அங்கேயே வாங்குவதுதான் முறை. அதைப் பிளக்க ஒரு சின்னக் கைக்கோடாலி போதும்.

பெரிய கத்தியின் அருமை உள்காட்டில்தான் தெரியும். ஏரிகளைத் துடுப்புப் போட்டுக் கடந்து, கனூவையும் சாமானையும் தோளில் சுமந்து போர்ட்டாஜ் (ஏரிக்கும் ஏரிக்கும் இடையிலான தரைப்பாதை) நடந்து, ஒரு தீவில் போய் இறங்குகிறீர்கள். இரண்டு நாளாக மழை, தரையில் கிடக்கும் சுள்ளியெல்லாம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் மணிக்கட்டு மொத்தத்தில் விழுந்து கிடக்கும் ஒரு சீடர் மரத்தை அரிந்து பிளந்தால், நடுவில் காய்ந்த, வாசமான கட்டை இருக்கும். ஈரத்தோலுக்குள்ளிருந்து அந்தக் காய்ந்த நடுப்பகுதியை வெளியே எடுப்பதுதான் இந்தக் கத்தியின் முதல் வேலை. சுள்ளி வெட்டுவது, ஆப்புச் சீவுவது, மீன் வெட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு.

அப்படியானால் கோடாலியையே கொண்டுபோனால் என்ன என்று கேட்பீர்கள். மொத்தமான கட்டைக்குக் கோடாலிதான் சிறந்தது, அதில் வாதமே இல்லை. வெண்பனிக் காலத்தில் அடுப்பு வைத்த கூடாரத்தோடு போனால் கோடாலி இல்லாமல் போகவே கூடாது, அந்த இடத்தைக் கத்தி நிரப்பாது. ஆனால் மே தொடக்கம் ஒக்ரோபர் வரை, நெருப்பு சமையலுக்கும் குளிர் காயவும் மட்டுமே என்றால், மரம் அரிகிற மடக்கு வாள் ஒன்றும் பெரிய கத்தி ஒன்றும் சேர்ந்தால் கோடாலியைவிடக் குறைந்த பாரத்தில் அதே வேலை முடிகிறது. களைத்துப்போன கையால் கோடாலியை ஓங்கி, அது தவறிக் காலில் இறங்கும் ஆபத்தும் இல்லை. குறுக்கே அரிவதை வாளிடம் விடுங்கள், நெடுக்கே பிளப்பதைக் கத்தியிடம் விடுங்கள். இந்தப் பிரிப்பு மனதில் இருந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

ஊரில் பற்றை வெட்டிய காட்டுக்கத்தியின் நினைப்பில் இங்கே மெல்லிய, நீளமான மச்செட்டி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பச்சைக் கொடிக்கும் பற்றைக்கும் அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் ஒன்ராறியோப் பார்க்குகளில் உயிருள்ள மரத்திலும் செடியிலும் கை வைக்கக் கூடாது, தரையில் விழுந்து கிடக்கும் பட்ட மரத்தைத்தான் எரிக்கலாம். இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள நீண்ட தகட்டைக் காய்ந்த மேப்பிளுக்குள் அடித்து இறக்கினால் அது வளைந்து, இறுகி, உள்ளேயே நின்றுவிடும்.

நீளம்

பிளக்கும் கட்டையின் விட்டத்தைவிட அலகு குறைந்தது 5 சென்ரிமீற்றராவது நீளமாக இருக்க வேண்டும். கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நுனியில்தான் பொல்லால் தட்டப் போகிறீர்கள். நாம் பிளப்பது பெரும்பாலும் 8 முதல் 12 சென்ரிமீற்றர் மொத்தமான கட்டை. ஆகவே 16 முதல் 20 சென்ரிமீற்றர் அலகு, அதாவது 6¼ முதல் 8 அங்குலம். இதுதான் என் பரிந்துரை. 23 சென்ரிமீற்றருக்கு மேலே போனால் ஓங்கி வெட்டுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் வெங்காயம் நறுக்கக் கை வலிக்கும், இடுப்பில் கட்டிக்கொண்டு கனூவில் இருக்கவும் முடியாது. 14 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அது நடுத்தரக் கத்தி. நல்ல கத்திதான், ஆனால் பிளக்கிற வேலைக்குக் கட்டையைத் தேடித் தேடிப் பொறுக்க வேண்டிவரும்.

தடிப்பும் கூரும்: விலையைவிட முக்கியமானது

கடைகளில் ஆறு மில்லிமீற்றர் தடித்த முதுகோடு, கறுப்புப் பூச்சோடு கத்திகள் இருக்கும். கையில் எடுத்ததும் பாரமாக, உறுதியாகத் தெரியும், மனம் மயங்கும். ஆனால் முதுகு எவ்வளவு தடிப்பு என்பதைவிட, கூருக்குச் சற்று மேலே எவ்வளவு தடிப்பு என்பதுதான் கத்தி எப்படி வெட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த இடம் அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குள் இருந்தால் மரத்திலும் இறங்கும், மரக்கறியும் வெட்டும். அதற்கு மேலே போனால் எத்தனை தீட்டினாலும் சவரக்கத்திபோல மயிர் வழிக்கும், ஆனால் கரட்டை வெட்டாது, உடைக்கும்.

இதைக் கடையிலேயே பார்க்கலாம். கத்தியின் நுனி உங்களை நோக்கி இருக்கும்படி பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே, நெடுக்காகப் பாருங்கள். முதுகிலிருந்து கூர் வரைக்கும் சீராக, ஒரே சரிவாக மெலிந்து வந்தால் அதுதான் ஃபுல் ஃபிளாட் கிரைண்ட் என்பது. பெரிய கத்திக்கு இதுவும், பக்கங்கள் இலேசாகப் புடைத்து இறங்கும் கொன்வெக்ஸும் மிகப் பொருத்தம். கொன்வெக்ஸ் கட்டைக்குள் இறுகாமல் மரத்தைத் தள்ளி விலக்கும், கூரும் எளிதில் உடையாது. பக்கங்கள் குழிந்திருக்கும் ஹொலோ கிரைண்ட் தோல் உரிப்பதற்கு அருமை, அடித்துப் பிளக்க வேண்டாம். அலகின் பாதி உயரம் வரை முழுத் தடிப்பில் வந்து, பிறகு திடீரென்று சரியும் கத்தியைக் கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். அது ஆப்பு, கத்தியல்ல.

முதுகின் தடிப்பு 4 முதல் 5 மில்லிமீற்றர் போதும், தாராளமாகப் போதும். முதுகின் ஓரம் உருட்டப்படாமல் சரியான செங்கோணத்தில் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகத்திலிருந்து தூள் வந்தால் நல்லது. ஃபெரோ கம்பியில் (உரசினால் பொறி பறக்கும் தீமூட்டும் கம்பி) பொறி தட்டவும், பேர்ச் பட்டையைச் சுரண்டிப் பஞ்சுபோலத் தூளெடுக்கவும் அந்த ஓரம்தான் வேண்டும், கூரைப் பாவித்தால் கூர் கெட்டுப்போகும். முதுகில் வாள்போலப் பல் வெட்டிய கத்திகள் வேண்டவே வேண்டாம். அந்தப் பல் ஒன்றையும் அரியாது, பொல்லால் தட்டும்போது பொல்லைத்தான் தின்னும்.

உருக்கு

இதற்குத்தான் எல்லோரும் அதிகம் மினக்கெடுகிறார்கள், ஆனால் பெரிய கத்தியில் பதில் எளிமையானது. ஓங்கியும் தட்டியும் பாவிக்கும் கத்திக்கு, கூர் நீண்ட நாள் நிற்பதைவிட உடையாமல் இருப்பது முக்கியம். அதனால் 1075, 1095, 5160 போன்ற சாதாரண உருக்குகள் போதும். 5160 என்பது லொறிகளின் வில்லுத்தகட்டுக்குப் பாவிக்கும் வகை. நேபாளத்தில் குக்ரி அடிப்பவர்களும் பழைய வில்லுத்தகட்டைத்தான் எடுக்கிறார்கள். பழுக்கக் காய்ச்சிய குக்ரியின் கூரின்மேல் மட்டும் கெண்டியால் தண்ணீர் ஊற்றி ஆறவைப்பார்கள், கூர் கடினமாகும், முதுகு மெத்தென்று இருந்து அதிர்ச்சியைத் தாங்கும். பெயரைவிட இப்படிப் பதம் வைக்கும் கைதான் கத்தியைக் கத்தியாக்குகிறது. ஒரே 1095 உருக்கை ஒருவர் கண்ணாடிபோல உடைய வைக்கலாம், இன்னொருவர் வாழ்நாள் முழுக்க உழைக்க வைக்கலாம்.

உருக்கின் கடினத்தைக் குறிக்கும் எண் ரொக்வெல் சி. பெரிய கத்திக்கு 55 முதல் 58 வரை சரி. 60, 61 என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது சமையலறைக் கத்திக்குப் பொருத்தம், உறைந்த கட்டையின் கணுவில் பட்டால் கூர் சில்லுச் சில்லாகப் போகலாம். விதிவிலக்கு சிபிஎம் 3வி போன்ற புதிய உருக்குகள், அவை கடினமாகவும் இருக்கும், உடையாமலும் இருக்கும், விலை மட்டும் இரண்டு மடங்குக்குப் போகும். வெறும் "ஸ்டெயின்லெஸ்" அல்லது வெறும் "440" என்று மட்டும் பொறித்து, எண்ணோ பதமோ சொல்லாத கத்தியை வாங்காதீர்கள்.

கறள் பிடிக்குமா என்றால், காபன் உருக்கு பிடிக்கும். ஏரித் தண்ணீர் உப்பில்லாதது, துடைத்து வைத்தால் பிரச்சினை இல்லை. நியூஃபவுண்ட்லாந்து, வன்கூவர் தீவு என்று கடலோரம் போகிறவர்கள் 14சி28என், விஜி10 போன்ற கறள் பிடிக்காத வகையைப் பார்க்கலாம்.

பிடியும் உறையும்

அலகின் இரும்பு பிடிக்குள் முழு அகலத்தில் கடைசி வரை போவதை ஃபுல் டாங் என்கிறார்கள். தட்டிப் பிளக்கும் கத்திக்கு இது பாதுகாப்பானது, முதல் கத்தி வாங்குபவர்கள் இதையே எடுங்கள். ஆனால் இதுதான் ஒரே வழி என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். வட ஸ்கண்டிநேவியாவின் சாமி மக்கள் கடுங்குளிரில் பாவிக்கும் லெயுக்கு என்ற பெரிய கத்தியில் இரும்பு ஒடுங்கிய வாலாகத்தான் பேர்ச் பிடிக்குள் போகிறது. பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையில் வெறும் இரும்பு கையில் படுவது எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். பிடியின் இரு ஓரத்திலும் இரும்பு வெளியே தெரியும் கத்தியைக் குளிர்காலத்தில் பாவிப்பதென்றால் கையுறை போட்டுத்தான் பிடிக்க முடியும். பிடிக்குள் சாமான் வைக்கவென்று பொள்ளலாகச் செய்தவற்றை மட்டும் எந்தப் பருவத்திலும் தொடாதீர்கள், அலகும் பிடியும் சேரும் இடமே அவற்றின் பலவீனம்.

பொருள் என்று பார்த்தால் மைக்கார்ட்டா எனக்குப் பிடித்தது. துணியைப் பிசினில் இறுக்கிச் செய்தது, நனைந்தால் வழுக்காமல் இன்னும் நன்றாகப் பிடிபடும். மரப்பிடி கைக்குச் சுகம், எண்ணெய் பூசி வரவேண்டும். பிடித்துப் பார்க்கும்போது கையுறை போட்டும் பாருங்கள். நடுவிரல் உள்ளங்கையை இலேசாகத் தொடும் மொத்தம் சரி. விரலுக்கு விரல் ஆழமாகக் குழி வெட்டியிருந்தால் உங்கள் கை அந்தக் குழிகளுக்குப் பொருந்துவது அபூர்வம், பிடியை மாற்றிப் பிடிக்கவும் முடியாது.

உறையில் மூன்று விஷயம்தான்: தலைகீழாகக் குலுக்கினால் கத்தி விழக்கூடாது, ஒரு கையால் எடுக்க வேண்டும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். தோலுறை அழகு, சத்தமில்லாதது, ஆனால் நனைந்தால் நாள்முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்துக் கத்தியைக் கறளாக்கும். கனூப் பயணத்துக்குக் கைடெக்ஸ் என்ற கடினப் பிளாஸ்ரிக் அல்லது வேறு பிளாஸ்ரிக் உறையே நல்லது.

சட்டம்

கனடாவில் மடங்காத பெரிய கத்தியை வைத்திருப்பது குற்றமல்ல. பொத்தானை அழுத்தினால் அல்லது கையை உதறினால் தானாகத் திறக்கும் மடக்குக் கத்திகள் போன்றவைதான் தடை செய்யப்பட்ட ஆயுதங்கள். ஆனால் எந்தக் கத்தியானாலும் ஆயுதமாக மறைத்துக் கொண்டுதிரிந்தாலோ, ஆபத்தான நோக்கத்தோடு வைத்திருந்தாலோ குற்றவியல் சட்டம் பாயும். அதனால் வீட்டிலிருந்து முகாம் வரைக்கும் கத்தி மற்றச் சாமானோடு பைக்குள் இருக்கட்டும், போகும் வழியில் கோப்பிக் கடைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு போக வேண்டாம். விமானத்தில் என்றால் கையில் கொண்டுபோகும் பையில் வைக்கவே முடியாது.

இன்னொன்று, இதே கத்தியோடு ஊருக்குப் போய் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஆயுதம்" என்பதற்குள் கத்தியும் அடங்குகிறது, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோக முடியாது. சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி அங்கே நெருப்பு மூட்டவும் கூடாது. பெரிய கத்திக்கு அங்கே வேலையே இல்லை.

எதை வாங்கலாம்

பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் நான் காட்டுவது ஈசி (ESEE) நிறுவனத்தின் ஈசி 6. அலகு 16.5 சென்ரிமீற்றர், தடிப்பு 4.8 மில்லிமீற்றர், 1095 உருக்கு, மைக்கார்ட்டாப் பிடி, உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதாக நிறுவனம் சொல்கிறது. விறகு வேலை அதிகம் என்றால் கா-பார் நிறுவனத்தின் பெக்கர் வரிசையில் பிகே7 (7 அங்குலம்) அல்லது பிகே9 (9 அங்குலம்). பிகே9 கிட்டத்தட்ட அரைக் கிலோ வரும், நுனிப்பக்கப் பாரத்தால் ஓங்கி வெட்டக் கோடாலிக்குக் கிட்டப் போகும். அதே வரிசையில் பிகே2 மிகப் பிரபலம், ஆனால் 13 சென்ரிமீற்றர் அலகில் 6 மில்லிமீற்றருக்கு மேலே தடிப்பு, மேலே சொன்ன காரணங்களால் நான் பரிந்துரைப்பதில்லை. கறள் பிடிக்காததாக வேண்டும் என்றால் சுவீடனின் ஃபால்க்னிவன் ஏ1, 16 சென்ரிமீற்றர், கொன்வெக்ஸ் கூர், றப்பர் பிடி இரும்பை மூடியிருப்பதால் குளிருக்கும் நல்லது, விலை கூட.

பணம் இறுக்கமென்றால் தரமற்ற பெரிய கத்தி வாங்குவதைவிட சுவீடனின் மோரா நிறுவனத்தின் சின்னக் கத்தி ஒன்றும், நல்ல மடக்கு வாள் ஒன்றும் வாங்குங்கள். மெல்லிய கட்டைகளைப் பொறுமையாகப் பிளந்தால் அதுவே போதும். பெரிய கத்தி வாங்கினாலும் அந்தச் சின்னக் கத்தி பக்கத்தில் இருக்கட்டும், மீனுக்கும் நுட்பமான சீவலுக்கும் பெரியதை எடுத்து அவதிப்பட வேண்டியதில்லை.

வாங்கி வந்த அன்றே

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், கத்தி புதிதாக இருக்கும்போதே சோதியுங்கள். கூர் நேராக ஓடுகிறதா, இரண்டு பக்கச் சரிவும் ஒரே அளவா என்று பாருங்கள். பிடிக்கும் இரும்புக்கும் இடையில் நகம் நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது. நல்ல வெளிச்சத்தில் கத்தியின் கூர் மேலே பார்க்கும்படி பிடித்தால் எங்கேயும் பளிச்சென்று ஒளி தெறிக்கக் கூடாது, தெறித்தால் அந்த இடம் மழுங்கல் அல்லது சில்லு. காகிதத்தைக் குதியிலிருந்து (பிடிப்பக்க முனை) நுனி வரை இழுத்து வெட்டிப் பாருங்கள், சிக்கும் இடத்தில் குறை.

பிளக்கும் முறை

கட்டையை 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு அரிந்து, இரண்டு முனையும் பாருங்கள், பக்கவாட்டில் கணு இருந்தால் அந்தத் துண்டை முழுசாகவே நெருப்பில் போட எடுத்து வையுங்கள். கணு இல்லாததை ஒரு அகலமான கட்டையின்மேல் நிறுத்துங்கள், பாறைமேல் வேண்டாம், பிளந்து இறங்கும் கூர் கல்லில் போய்ப் படும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, கட்டை உங்கள் தொடைகளுக்கு நடுவில் அல்லாமல் முன்னால் தள்ளி இருக்கட்டும். அலகைக் கட்டையின் மேல் வைத்து, மணிக்கட்டு மொத்தமான பொல்லால் முதுகில் தட்டுங்கள். கூர் உள்ளே போனதும் வெளியே நீட்டியிருக்கும் நுனிப்பகுதியில் தட்ட வேண்டும், பிடி கொஞ்சமும் கீழே தாழாமல் மட்டமாக வரட்டும். பிடியைப் பிடித்து நெம்பாதீர்கள், கத்திகள் அப்படித்தான் உடைகின்றன. இறுகிவிட்டால் ஒரு மர ஆப்பைப் பிளவில் வைத்துத் தட்டினால் கத்தி விடுபடும்.

நாலாகப் பிளந்ததும் உள்ளே காய்ந்த பக்கம் தெரியும். அதிலிருந்து விரல் மொத்தத்தில் சிராய் எடுத்து, கூரைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, முழுதாக வெட்டி எடுக்காமல் சுருள் சுருளாகச் சீவி விடுங்கள். மூன்று நான்கு குச்சி அப்படிச் செய்தால் ஒரு தீக்குச்சி போதும்.

கடுங்குளிர் நாளில் கத்தியைக் கொஞ்ச நேரம் ஜக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், உறைந்த கூர் உறைந்த கணுவில் படும்போதுதான் சில்லுப் போகிறது. சீவும்போது கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், இருக்கக்கூடாது. தொடைமேல் வைத்து எதையும் வெட்டக்கூடாது, தொடையின் பெரிய நாடி அறுந்தால் துடுப்புப் போட்டு உதவிக்குப் போக நேரம் இருக்காது. அழுத்திக் கட்டும் பண்டேஜ் கத்தியோடு ஒரே பையில் இருக்கட்டும். இருட்டினபிறகு கத்தி உறைக்குள்.

தீட்டலும் துடைத்தலும்

ஒரு பக்கத்துக்கு 20 பாகை. அளவுகோல் வேண்டாம்: கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, அதில் பாதி சரியுங்கள், இன்னும் பாதி சரியுங்கள், கிட்டத்தட்ட அங்கே வந்துவிடுவீர்கள். கூரின் சரிவை ஒரு மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். கறுப்பு கூரோரம் வரை அழிந்தால் கோணம் சரி, மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். வீட்டில் ஒரு பக்கம் 400 (கரடு), மறுபக்கம் 1000 (மென்மை) கொண்ட இரட்டை வைரத்தகடு, காட்டுக்கு உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னத் தகடு. மின்சாரச் சாணையில் கொடுக்காதீர்கள், கூர் நீலமாக மாறினால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, பிறகு எத்தனை தீட்டினாலும் நிற்காது.

ஒவ்வொரு மாலையும் கழுவி, துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் மினரல் எண்ணெயை ஒரு துணியால் மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் இங்கத்தைக் குளிருக்கு உறைந்து கட்டிப்பட்டுவிடும். தேசிக்காய், தக்காளி வெட்டியபின் அலகு நீலச் சாம்பலாக மாறினால் பயப்பட வேண்டாம், அந்தப் படலம் கறளை ஓரளவு தடுக்கும், செம்மஞ்சள் புள்ளி வந்தால்தான் கறள், ஸ்ரீல் வூலால் (இரும்புப் பஞ்சால்) எண்ணெய் விட்டுத் தேயுங்கள். வீட்டுக்கு வந்ததும் கத்தியை உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள், தோலுறை என்றால் இது கட்டாயம்.